வலது கைச் சுண்டுவிரல்

ஜபார் என்னை வாசித்து வாசித்து அடித்தான். இடது கையில் போன், வலது கையில் தண்ணீர்ப் பைப் துண்டு. ஒரு வரி வாசிப்பான், ஓர் அடி போடுவான், மறுபடி போனைப் பார்ப்பான். பேப்பரில் தலைப்பைத் தாண்டி எதையும் வாசிக்காத மனிதன். அன்றைக்கு ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை.

அவன் வாசித்தது என்னுடைய ஃபைலை. புத்தளத்துப் பெண்கள் நிலையத்தில் நான் அழுதழுது சொன்னதையெல்லாம் றிஸானா ராத்தா ஒன்றும் விடாமல் கொம்பியூட்டரில் எழுதி வைத்திருந்தார். எப்போது அடித்தான், எதனால் அடித்தான், வயிற்றில் இருந்தது எப்படிக் கலைந்தது, எல்லாம். கடைசி வரியில் நான் ஒளிந்திருந்த வீட்டின் அடையாளமும் இருந்தது. உடப்பு, கடற்கரை றோட்டு, நீல கேற், பவளம் என்று கேட்டால் காட்டுவார்கள்.

முன்பு அவனை அவர் என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் கட்டிய மாப்பிள்ளையை அப்படித்தான் சொல்வார்கள். அந்த மரியாதையெல்லாம் இப்போது என் வாயில் வராது. வந்தால் நானே என் வாயில் போட்டுக்கொள்வேன்.

குறிஞ்சிப்பிட்டியில் அவனுக்கு வெங்காயத் தோட்டம். மணல் தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் வீட்டைச் சுற்றி எப்போதும் பைப் துண்டுகள் கிடக்கும். கைக்கு எட்டியதை எடுத்து அடிப்பான். விலை விழுந்தால் அடிப்பான், விலை ஏறினால் போன மாதமே ஏன் விற்கச் சொன்னாய் என்று அடிப்பான். அடித்து முடித்து எண்ணெய் தடவி விடுவான். அந்த எண்ணெய் வாசத்துக்கே எனக்குக் குமட்டும்.

வயிற்றில் இருந்தது போன பிறகு நான் ஒரு நாள் காலையில் பஸ் ஏறினேன். புத்தளத்தில் பெண்கள் நிலையம் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டுக் காசில் நடக்கிறது, அடிபட்டு வரும் பெண்களை யாருக்கும் தெரியாத வீடுகளில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே வேலை செய்த றிஸானா ராத்தாவை அப்போதுதான் கண்டேன். தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது உம்மாவின் இடுப்பில் இருந்து வந்தவர். உடுத்த துணியோடு ஓடி வருவதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அவர் முதலில் கேட்டது என் போனை. சிம்மைக் கழற்றி ஒரு கவருக்குள் போட்டு மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தார்.

"இத இனிப் போடக் கூடாது தங்கச்சி. இது ஆர்ர பேர்ல எடுத்தது?"

"அவங்கட ஐடென்டிக் கார்ட்லதான், ராத்தா."

"ஓம், எல்லாருக்கும் அப்பிடித்தானே."

எல்லாருக்கும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் வாப்பாவின் பெயரில், பின் மாப்பிள்ளையின் பெயரில். கடைக்குப் போய் வரிசையில் நிற்பது ஆண்கள், அடையாள அட்டையை நீட்டுவதும் ஆண்கள். போன் மட்டும் எங்கள் கையில் இருக்கும்.

சில நாள் நிலையத்திலேயே தங்கினேன், ஸும்ரா என்ற பெண்ணுக்குப் பக்கத்துப் பாயில். பிறகு உடப்பில் பவளக்காவின் வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். முக்காடு போட்ட பெண்ணைத் தேடி இந்துக்களின் ஊரான உடப்புக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது நிலையத்தின் கணக்கு. பவளக்காவின் புருசன் வீரகத்தி கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர். வலையில் வருவதில் மிஞ்சுவதை வெட்டி உப்பிட்டுக் காயப்போடுவது பவளக்காவின் வேலை. நான் போன அன்றே சந்தைக்குப் போய் எனக்கென்று புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்தார்.

"இதுல ஒருத்தரும் கை வைக்க மாட்டம், புள்ள. உன்ர சமையல நீயே சமை. ஆரும் கேட்டா வேலைக்கு வந்த புள்ள எண்டு சொல்றன்."

அங்கே எனக்கு உறக்கம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி உறங்கியது அந்த வீட்டில்தான். மீன் வெட்டக் கற்றுக்கொண்டேன். பவளக்காவின் கத்தி, மெல்லியது, நீளமானது, கழுத்திலிருந்து வால் வரை ஒரே இழுப்பு. "உனக்குக் கை வந்திட்டு" என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. நான் எதையாவது சரியாகச் செய்கிறேன் என்று யாரும் சொல்லிப் பல காலம்.

நான் உடப்பில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது புத்தளத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. இது ராத்தா பிறகு ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே எனக்குச் சொன்னது.

காசு தரும் இங்கிலாந்துக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்களாம். இத்தனை பெண்களின் இரகசியம் உங்கள் கையில் இருக்கிறது, கள்ளர் யாரும் கொம்பியூட்டருக்குள் புகுந்தால் என்ன செய்வீர்கள், அதற்கு இன்சூரன்ஸ் எடுங்கள், எடுக்காவிட்டால் அடுத்த வருடம் காசு இல்லை. வீட்டுக்கும் லொறிக்கும் எடுப்பது போல ஃபைலுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மனுசிக்கு இல்லை. ஃபைலுக்கு இருக்கிறது.

இன்சூரன்ஸ் கொம்பனி கொழும்பிலிருந்து ஓர் ஆளை அனுப்பியது. கந்தோர்க் கொம்பியூட்டரில் இருந்த ஃபைல்களையெல்லாம் க்ளவுட்டில் ஏற்றச் சொன்னான். அப்படியென்றால் எங்கேயோ தூரத்தில் இருக்கும் பெரிய கொம்பியூட்டரில். எங்கிருந்தும் திறக்கலாம், ஆனால் கடவுச்சொல் மட்டும் போதாது, போனுக்கு ஓர் இலக்கம் மெசேஜில் வரும், அதையும் அடித்தால்தான் திறக்கும். வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் சொந்த நம்பரைக் கொடுக்க வேண்டும். இதை மீறினால் இன்சூரன்ஸ் செல்லாது. அவன் சொன்னதில் பிழையே இல்லை.

அவன் போன பிறகு நிலையத்தின் கந்தோரில் வேலை செய்யும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொந்த நம்பர் என்று யாரிடம் இருக்கிறது? ராத்தாவின் நம்பர் அவர் மாப்பிள்ளையின் பெயரில். மற்றவர்களுடையதும் அப்படித்தான். வீட்டில் போன் மேசையில் கிடக்கும், மெசேஜ் வந்தால் யாரும் எடுத்துப் பார்ப்பார்கள். ஒளித்து வைத்த பெண்களின் சாவியை அப்படி ஒரு போனில் எப்படி வைப்பது? நல்ல மனதோடுதான் யோசித்தார்கள். எந்த ஆணின் கண்ணும் படாத நம்பர் ஒன்று வேண்டும். புதிதாக எடுப்பதென்றால் மறுபடி யாராவது ஓர் ஆணைக் கடைக்கு அனுப்ப வேண்டும்.

அப்போதுதான் லாச்சியில் கிடந்த சிம் ராத்தாவின் ஞாபகத்துக்கு வந்தது. சும்மா கிடக்கிறதே, வீணாகப் போகிறதே என்று எடுத்து, கந்தோரில் இருந்த பழைய போனில் போட்டார். எல்லாருக்கும் அந்த ஒரே நம்பர். அது யார் பெயரில் எடுத்தது என்று என் வாயால் கேட்டவரே அவர்தான். கவருக்குள் போனதும் அது ஆணில்லாத சிம் ஆகிவிட்டது என்று நினைத்தார் போல.

ஜபார் அந்த நம்பருக்கு நாள்தோறும் கோல் எடுத்துக்கொண்டிருந்தான். மாதக்கணக்காக அணைந்து கிடந்தது ஒரு நாள் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அவனுக்கு அது போதும். அடையாள அட்டையோடு போன் கடைக்குப் போய், சிம் தொலைந்துவிட்டது, இன்னொன்று தாருங்கள் என்றான். அவன் பெயரில் உள்ள நம்பர், கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும். கந்தோர்ப் போன் செத்தது. றீலோட் முடிந்திருக்கும் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். அடுத்த இலக்கம் ஜபாரின் போனுக்குப் போனது, நிலையத்தின் பெயரோடு. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் அதற்கும் அதே நம்பருக்குத்தான் இலக்கம் வரும். கடைக்காரன் திறந்து கொடுத்தான். இதை ஜபாரே என்னிடம் சொன்னான், பெருமையாக, என் முடியைப் பிடித்துக்கொண்டு.

பகல் நேரம். வீரகத்தி அண்ணன் வலை இழுக்கப் போயிருந்தார், பவளக்கா மீன் எடுக்கக் கரைக்குப் போயிருந்தார். நான் முற்றத்தில் சாளை வெட்டிக்கொண்டிருந்தேன். நீல கேற் திறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்தான். நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழும்புவதற்குள் கிட்ட வந்துவிட்டான்.

முடியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான். முகத்தைக் கதவு நிலையில் மோதினான். பல் ஒன்று நாக்கில் விழுந்தது.

"இப்ப வாசிக்கப் போறன். நல்லாக் கேட்டுக்க" என்றான். தோட்டத்திலிருந்தே பைப் துண்டைக் கொண்டு வந்திருந்தான். உடப்பில் பைப் கிடைக்காது என்று நினைத்தான் போல.

"'கணவர் தண்ணீர்ப் பைப்பினால் முதுகில் அடித்துள்ளார்.' எந்தப் பைப்? கறுப்பா, நீலமா? அது ஏன் எழுதல்ல?"

முதுகில் விழுந்தது.

"'இரவு முழுவதும் குளியலறையில் பூட்டி வைத்துள்ளார்.' தண்ணி கேட்டப்ப தந்தேனா இல்லியா? தந்ததையும் சொல்லியிரிக்கோணுமே."

விலாவில் உதைத்தான். மூச்சு நின்று திரும்பி வந்தது. நான் கத்தினேன். கடல் பக்கம் வலை இழுக்கிறவர்களின் சத்தத்தில் என் சத்தம் எங்கே கேட்கப் போகிறது?

வயிற்றைப் பற்றிய வரி வந்தபோது அவன் குரல் உடைந்தது. அழுதான். அழுதுகொண்டே அந்த இடத்தில்தான் அதிகம் உதைத்தான். அவன் அழுகையைப் பார்த்து எனக்கு ஒரு காலத்தில் பாவம் என்று தோன்றியிருக்கிறது. அன்றைக்கு அவன் தொண்டையைக் கடிக்க வேண்டும் போல் இருந்தது.

பிறகு அந்த வரி.

"'வலது கைச் சுண்டுவிரல் முறிக்கப்பட்டுள்ளது.'" போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மறுபடி வாசித்தான். "வலது கையா? இடது கைதானேடி?"

இடது கைதான். அன்றைக்கு அலுமாரிக் கதவில் வைத்து நெரித்தது இடது கை விரலைத்தான். ராத்தா எழுதும்போது கை மாறிப் போயிருக்கிறது. யாரும் திருப்பி வாசித்துப் பார்க்கவில்லை.

"பொய்யா எழுதி வெக்கக் கூடா" என்றான். என் வலது கையை எடுத்து, மீன் செதிள் ஒட்டிக்கிடந்த அந்தக் கையை எடுத்து, தன் முழங்காலில் வைத்து, சுண்டுவிரலைப் பின்னுக்கு மடித்தான். விறகுச் சுள்ளி முறியும் சத்தம் கேட்டது. "இப்ப சரி."

அதன் பிறகு போனை என் முகத்துக்கு நேரே பிடித்து வீடியோ எடுத்தான். எல்லாம் பொய் என்று சொல்லச் சொன்னான். அடுத்த விரலைப் பிடித்தான். நான் சொன்னேன். பொய், எல்லாம் பொய், நான்தான் பொய் சொன்னேன் என்று கத்திக் கத்திச் சொன்னேன். அதைச் சொன்னதற்கு எனக்கு வெட்கமில்லை. அந்த விரல் உங்களுடையதாக இருந்தால் நீங்களும் சொல்வீர்கள்.

பவளக்கா கூடையோடு வந்தது அப்போதுதான். கூடையைப் போட்டார், அடுப்படியிலிருந்து விறகுக்கட்டையை எடுத்தார், அவன் பிடரியில் அடித்தார். அவன் தடுமாறி முற்றத்தில் விழுந்தான். எழும்பும்போது கையில் நான் விட்டுவந்த கத்தி இருந்தது. பவளக்கா இன்னொரு தடவை ஓங்கினார். அதற்குள் அவன் குத்தினான். மீனுக்கு இழுப்பது போலவே இழுத்தான், கீழிருந்து மேலே. பவளக்கா, "ஐயோ புள்ள, ஓடு" என்றார். தனக்கு என்ன நடந்தது என்று பார்க்கவே இல்லை.

நான் ஓடவில்லை. தேங்காய் உரிக்கும் இரும்பு அலவாங்கு மூலையில் நின்றது. இடது கையால் எடுத்தேன். அவன் முழங்காலில் அடித்தேன், எதில் வைத்து என் விரலை முறித்தானோ அதே முழங்காலில். அவன் விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். வலைக்காரர்கள் வந்து என்னைப் பிடிக்கும் வரைக்கும் அடித்தேன். அவன் சாகாதது என் குற்றமில்லை, என் இடது கையின் குற்றம்.

அவர்கள் அவனை வலைக் கயிற்றால் தென்னையில் கட்டி, தங்கள் பங்குக்குச் செய்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் போதவில்லை. வீரகத்தி அண்ணன் அவன் போனைக் கல்லில் வைத்து அலவாங்கால் தூளாக்கிக் கடலில் வீசினார். அதில் இருந்த என் ஃபைலும் வீடியோவும் அதோடு போயின.

எங்கள் இரண்டு பேரையும் மீன் லொறியில்தான் சிலாபத்துக்குக் கொண்டு போனார்கள். ஐஸ் உருகிய தண்ணீர் காலடியில் சிவப்பாக ஓடியது. பவளக்காவின் தலை என் மடியில் இருந்தது. முன்னேஸ்வரம் தாண்டும்போது மடியில் பாரம் கூடியது. நான் வாய் விட்டுச் சொல்லவில்லை. எதிரே அவர் புருசன் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

றிஸானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு வந்தது, இதை விசாரிக்க இன்சூரன்ஸ் கொம்பனியின் கொழும்பு அதிகாரி வருவதற்குச் சற்று முன்பு. என் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டு, லாச்சி சிம்மின் கதையைச் சொன்னார். அழுதார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"தங்கச்சி, ஜபார்ர லோயர் கோட்ல என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? நீங்கதான் கோல் எடுத்து வரச் சொன்னீங்களாம்."

"பொய்."

"பொய்தான். அல்லாவுக்குத் தெரியும். ஆனா அந்தப் போன் இப்ப இல்ல. அவன் ஃபைலுக்குள்ள போனதும் எங்கட நம்பராலதான். நாங்களே திறந்த மாதிரித்தான் மிசின் காட்டுது." குரலைத் தாழ்த்தினார். "சிம்மிர கதை வெளிய வந்தா இன்சூரன்ஸ் இல்ல. இன்சூரன்ஸ் இல்லாட்டி அவங்க காச நிப்பாட்டிருவாங்க. மத்தப் பொம்பளைகள் எங்க போவாங்க? ஸும்ராட மாப்பிள எப்பிடிப்பட்டவன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கதான் கோல் எடுத்தீங்க எண்டு ஒரு சொல்லுச் சொன்னா, எங்கட பக்கத்தால ஒண்டும் கசியல்ல எண்டு முடிஞ்சிரும்."

நான் ராத்தாவைப் பார்த்தேன். கெட்ட மனுசி இல்லை. எனக்குப் பழஞ்சோறும் படுக்கையும் தந்த மனுசி. ஸும்ராவைப் பற்றிச் சொன்னதும் உண்மை. எனக்கு ஆத்திரமும் அன்பும் ஒன்றாக வந்தன.

"ராத்தா, எல்லாம் பொய்யென்டு ஒருக்காச் சொல்லிட்டேன். அதச் சொல்ல வெக்க அவன் விரல முறிச்சான். நீங்க கையப் பிடிச்சிக்கிட்டுக் கேக்கிறீங்க."

அவர் தலை குனிந்தது. கையை மட்டும் விடவில்லை.

அதிகாரி வந்தார். நல்ல தமிழ் பேசினார், நலம் விசாரித்தார், மடிக்கணினியைத் திறந்தார். அவருக்குப் பின்னால் வாசலில் வீரகத்தி அண்ணன் நின்றார். கையில் ஒரு சட்டி, துணியால் மூடிக் கட்டியது. எனக்கென்று பவளக்கா வாங்கிய சட்டி. யார் வீட்டிலோ சொல்லிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்திருந்தார். கோட்டில் ஜபாரின் லோயர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. அங்கேயே நின்று என் வாயைப் பார்த்தார்.

"உங்கள் கணவருக்கு நீங்கள் கோல் எடுத்தீர்களா? நீங்கள் இருந்த இடத்தை நீங்களே சொன்னீர்களா?"

ராத்தாவின் விரல்கள் என் விரல்களை இறுக்கின. ஸும்ராவின் முகம் வந்தது. நிலையத்தில் என் பக்கத்துப் பாயில் படுத்து, தூக்கத்திலும் முகத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறவள். ஆம் என்றால் அவளுக்குக் கூரை இருக்கும். ஆம் என்றால் பவளக்காவைக் கொன்றவனை வாசலுக்கு அழைத்து வந்தவள் நான்.

"இல்லை" என்றேன். உதட்டில் தையல் இழுத்தது. "நான் எடுக்கல்ல. என்ட பழைய சிம் கந்தோர் லாச்சில கிடந்த. அதத்தான் போன்ல போட்டிருந்தாங்க. அவன் அத வெச்சித்தான் ஃபைல வாசிச்சான். முழுசா வாசிச்சான். எழுதிக்கங்க."

ராத்தா என் கையை விட்டார். எழும்பிப் போகவில்லை, கட்டிலிலேயே இருந்து முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி எழுதிக்கொண்டார். கடைசியாக அவர் கேட்டது, ஃபைல்களில் ஏதாவது அழிந்ததா, தொலைந்ததா என்று.

"ஒண்டும் தொலையல்ல" என்றார் ராத்தா, கைக்குள்ளிருந்தே. "எல்லாம் அப்பிடியே இருக்கு."

வீரகத்தி அண்ணன் உள்ளே வந்து சட்டியைக் கட்டிலோரம் வைத்தார். "சூடா இருக்கு. பாத்துக் குடி" என்றார்.

கொம்பனி கைவிரித்தது. இங்கிலாந்துக்காரர்கள் வருத்தம் தெரிவித்துக் காசை நிறுத்தினார்கள். நோன்பு தொடங்குவதற்குள் நிலையத்துக்குப் பூட்டு விழுந்தது. ஸும்ரா மாப்பிள்ளையிடம் திரும்பிப் போனாள். போன கையோடு அவள் தாடையை உடைத்துவிட்டான் என்று ராத்தா போனில் சொன்னார். என்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதைச் சொல்லிவிட்டு ஸும்ராவுக்காக அழுவேன்.

இப்போது உடப்பில்தான் இருக்கிறேன், அதே நீல கேற் வீட்டில், என் சொந்தப் பெயரில், முக்காட்டோடு. பவளக்கா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து மீன் வெட்டுகிறேன். சுண்டுவிரல் கோணலாகப் பொருந்தியிருக்கிறது, கத்தி பிடிக்க அது தடையில்லை. வழக்கு முடிந்த பாடில்லை, ஜபார் பிணை கேட்டிருக்கிறானாம். வீரகத்தி அண்ணன், கொஞ்ச நாளைக்கு வேறெங்காவது போய் இருக்கிறாயா என்று கேட்டார்.

மாட்டேன் என்றேன். அலவாங்கை வாசலுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். வரட்டும். விலாசம்தான் அவனுக்குத் தெரியுமே.